ஏலச் செடியின் இலை மஞ்சளிப்பும் துணை மரங்களின் தேர்வும்

மார்ச் மாத இறுதியில் போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி, போடிமெட்டைக் கடந்து இடுக்கி மாவட்டத்தினுள் நுழைவோர், சாலையின் இருமருங்கிலுமுள்ள ஏலத் தோட்டங்களில் ஒரு வேற்றுமையைக் காணக்கூடும். ஒரே சரிவில், ஒரே வயதுடைய செடிகளுள் சில கரும்பச்சை இலைகளுடன் செழித்து நிற்கும். சற்றுத் தள்ளி நிற்பவையோ மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிறிய நிறத்தை அடைந்து, இலையோரம் காய்ந்து காணப்படும். இதைக் கண்ட விவசாயி, தழைச்சத்துக் குறைந்துவிட்டது என்று முடிவு செய்து யூரியா மூட்டையைத் தேடிச் செல்கிறார். உரமிட்ட பின்னும் நிறம் மாறாதபோது, நோய் என்று கருதி மருந்து தெளிக்கிறார். செடிக்கு மேலே அண்ணாந்து பார்க்கும் வழக்கம் சிலரிடமே உள்ளது. அவ்வாறு பார்த்தால், வெளிறிய செடிகளுக்கு மேலே வெறும் வானமும், பச்சைச் செடிகளுக்கு மேலே ஒரு பலா மரமும் இருப்பது பல இடங்களில் தெரியவரும்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளே இதன் தாயகம். கடல் மட்டத்துக்கு மேல் 600 முதல் 1,200 மீட்டர் வரையிலுள்ள சரிவுகளில், உயர்ந்த மரங்களின் அடியில், இலைமக்கு நிறைந்த மண்ணில் இது இயற்கையாக வளர்ந்து வந்தது. பழங்காலத்தில் ஏலம் பயிரிட்டோர் துணை மரத்தைத் தேர்ந்தெடுக்கும் கவலையை அறியமாட்டார்கள். காட்டின் அடிப்புதர்களை அகற்றி, மரங்கள் சிலவற்றைச் சாய்த்து வெளிச்சம் விட்டால், ஏல நாற்றுகள் தாமே முளைத்தெழும் என்பதே அவர்கள் கண்ட முறை. துணை என்பது காடேதான்.

அந்நிலை இன்று இல்லை. பழைய காட்டு மரங்கள் முதுமையாலும் காற்றாலும் கோடரியாலும் குறைந்துவிட்டன. 1980களின் பிற்பகுதியில் இடுக்கியிலுள்ள விவசாயி ஒருவரின் தோட்டத்தில் தெரிந்தெடுக்கப்பட்டுப் பரவிய ஞள்ளானி என்னும் உயர் விளைச்சல் இனம், பழைய இனங்களைவிட அதிக வெளிச்சத்தை ஏற்றுக்கொள்வது. அதன் வருகைக்குப் பின் நிழல் கழிக்கும் கவாத்து ஆண்டுதோறும் கடுமையாயிற்று. விளைச்சல் உயர்ந்தது உண்மையே. ஆனால் வெளிச்சத்தை ஏற்றுக்கொள்ளும் இனத்தை வெயிலைத் தாங்கும் இனம் என்று பலர் எடுத்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்தது.

இலை வெளிறுவதேன்?

பச்சையம் என்பது ஒளியைப் பிடிக்கும் வலை போன்றது. நிழலில் வாழப் பழகிய தாவரம், கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் தப்பவிடாமல் பிடிப்பதற்காக இலையில் பச்சையத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. ஏல இலையின் கரும்பச்சை நிறத்துக்குக் காரணம் இதுவே. அதே செடியின்மீது திடீரென முழு வெயில் விழுமாயின், பிடிக்கப்பட்ட ஒளிச்சக்தி முழுவதையும் உணவு தயாரிப்பில் செலவிட இலையால் இயலாது. மண் காய்ந்து, காற்றும் வறண்டிருக்கும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் கரியமில வாயுவும் உள்ளே வருவதில்லை. செலவழியாத சக்தி இலையின் உட்பொருள்களையே தாக்கிப் பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்குகிறது. முதலில் இலை மஞ்சள் கலந்த பச்சையாகிறது. பின்னர் நுனியும் ஓரமும் கருகுகின்றன.

இந்நிலையில் யூரியா இடுவதால் பயனில்லை. ஏலத்தின் உணவு வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணில் 30, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவியுள்ளது. கோடையில் முதலில் காய்வதும் அந்த மண்ணே. ஈரமற்ற மண்ணில் இட்ட உரத்தை வேர் எடுத்துக்கொள்ள இயலாது. மேலும், அவ்வாண்டுக்குரிய பூச்சரங்கள் செடியின் அடியிலிருந்து கிளம்பி நீளும் பருவம் ஜனவரி முதல் மே வரையிலான அதே வறண்ட காலமாகும். ஆகவே மார்ச்சில் கருகும் இலை, ஆகஸ்டில் எடுக்க வேண்டிய காயைக் குறைக்கிறது.

எல்லா மஞ்சளிப்பும் வெயிலின் விளைவல்ல என்பதையும் களப் பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டும். தழைச்சத்துக் குறைவு முதிர்ந்த இலைகளில் முதலில் தோன்றி மேல் நோக்கிச் செல்லும். வெயிற்சேதம் நேரே வெயில் படும் மேல் இலைகளில் தோன்றும்; நிழல் விழும் பக்கத்து இலைகள் பச்சையாகவே இருக்கும். வேர்ப்புழு தாக்கிய செடியில் எல்லாத் தட்டைகளும் சேர்ந்து மஞ்சளிக்கும்; தூரின் அருகே மண்ணைக் கிளறினால் வெண்ணிறப் புழுக்கள் அகப்படும். இளம் இலையில் கதிர் வடிவான வெளிர் கீற்றுகள் தோன்றி, பின்னர் நடு நரம்பிலிருந்து ஓரம் வரை விட்டுவிட்டு ஓடும் வெளிர்பச்சைக் கோடுகளாக மாறுமாயின் அது கட்டே நோய் எனப்படும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்தில்லை. செடியை வேரோடு அகற்றுவதே வழி.

கட்டே நோயைப் பற்றிய பேச்சு துணைச் செடிகளின் தேர்வுக்கு நேரடியாக உரியது. இந்நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது ஒருவகை அசுவினிப் பூச்சி. அப்பூச்சி சேம்பிலும் அதன் இனமான வண்ண இலைச் செடிகளிலும் தங்கிப் பெருகக்கூடியது. ஈரமான ஓடைக்கரைகளில் வீட்டுத் தேவைக்கென்று சேம்பு வைப்பது இம்மலைகளில் சாதாரண வழக்கம். ஏலத்தின் அருகே அது இருத்தலாகாது. வாழையின் நிலையும் ஆராய்ந்து பார்க்கத் தக்கது. புதிய தோட்டத்தில் தற்காலிக நிழலுக்கு வாழை எளிதானதுதான். ஆனால் வாழைப்பூ மடலில் வரிகளை உண்டாக்கும் நச்சுயிரியே ஏலத்திலும் ஒருவகை வெளிர்கோட்டு நோயை விளைவிக்கிறது என்பதை 2012இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நோயற்ற கன்று என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி வாழையை ஏலத்துக்குத் துணையாக வைக்காமலிருப்பதே நலம்.

வானத்தின் நாட்காட்டியும் மரத்தின் நாட்காட்டியும்

துணை மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கேட்கும் கேள்விகள் இரண்டு: விரைவில் வளருமா, தடிக்கு விலை உண்டா. இவற்றுக்கு முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று: இம்மரம் எந்த மாதத்தில் இலையுதிர்க்கும்?

இடுக்கியின் ஏல மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மேகத்தால் மூடியிருக்கும். அப்போது செடிக்குத் தேவை வெளிச்சமும் காற்றோட்டமும். அடர்ந்த நிழலும் இடையறாத மழையும் சேருமாயின், காயைத் தாக்கும் அழுகல் நோய் தோட்டம் முழுவதும் பரவும். 2018 ஆகஸ்டின் பெருமழையில் இதனை விவசாயிகள் நேரிற் கண்டனர். ஜனவரி முதல் மே வரை வானம் தெளிந்து, கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். அப்போது செடிக்குத் தேவை நிழல். ஆகவே ஏலத்துக்கு உகந்த மரமென்பது கோடையில் இலையுடனும் மழைக்காலத்தில் இலை குறைந்தும் நிற்க வேண்டும். இயற்கையில் இவ்வாறு நடந்துகொள்ளும் மரம் அரிது. இலையுதிர் மரங்கள் பெரும்பாலும் தம் நீரைக் காக்கும் பொருட்டு வறண்ட மாதங்களிலேயே இலையை உதிர்க்கின்றன. அதாவது ஏலத்துக்கு வேண்டியபோது கைவிடுகின்றன. இக்குறையை ஈடுசெய்வதே கவாத்து. மே மாத இறுதியில், மழைக்குச் சற்று முன், கிளைகளைக் கழித்தால் மழைக்காலத்தில் வெளிச்சம் கிடைக்கும். ஜனவரிக்குள் மரம் மீண்டும் தழைத்துவிடும். மழை முடிந்தபின் நவம்பரிலும் டிசம்பரிலும் நிழல் கழிப்பது, குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டுக் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு சில மரங்களை நோக்கலாம்.

பலா என்றும் இலையுள்ள மரம். கோடையில் நம்பத்தக்க நிழல் தரும்; கவாத்தைத் தாங்கும்; ஆணிவேர் ஆழமாக இறங்கும். கழிக்காமல் விட்டால் அதன் நிழல் மிக அடர்ந்து, அடியிலுள்ள ஏலம் மெலிந்து நீண்டு சரம் குறைந்து போகும். வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் பலாவின் இலையைத் தின்பதுண்டு; ஆதலால் வண்டுகள் வெளிவரும் கோடை மழைக் காலத்தில் அம்மரத்தின் அடியைக் கவனித்து வருதல் வேண்டும். எல்லைப்புறத்துக்கே உரிய வேறொரு தொல்லையும் உண்டு. காட்டை ஒட்டிய தோட்டங்களில் பழுத்த பலா யானைக்கு அழைப்பிதழாகும். சின்னக்கனால் பகுதியில் திரியும் ஒரு கொம்பன் யானைக்கு மக்கள் 'சக்கக்கொம்பன்' என்று பலாப்பழத்தின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். அத்தகைய இடங்களில் பலாவை வைக்க வேண்டுமாயின் பிஞ்சிலேயே காயை இறக்கிவிடுவது உயிருக்கும் பயிருக்கும் பாதுகாப்பு. கறிக்குப் பிஞ்சுப் பலா எங்கும் விலைபோவதால் இதில் நஷ்டமும் இல்லை.

சந்தன வேம்பு உயர்ந்து வளர்ந்து, சிதறிய மென்னிழல் தருவது. தடிக்கும் மதிப்புண்டு. கோடைத் தொடக்கத்தில் பூக்கும் அதன் சிறு பூக்கள் தேனீக்களுக்கு உணவாகும். ஆனால் குளிர்காலத்தில் இலையை முழுவதும் உதிர்த்து, கோடைத் தொடக்கத்தில்தான் தளிர்க்கிறது. இடைப்பட்ட வாரங்களில் கிழக்குக் காற்று மிகக் கடுமையாயிருக்கும். ஆகையால் தனித்து வைக்கத் தக்கதன்று. என்றும் இலையுள்ள மரங்களுக்கிடையே மேலடுக்காக நிற்பதற்கு மிகவும் ஏற்றது.

முள்முருக்கு நெடுங்காலம் மிளகுக் கொடிக்குத் தாங்கு மரமாகவும் தோட்டங்களின் விரைவான நிழலாகவும் பயன்பட்டது. கொம்பை வெட்டி நட்டால் வேர்விடும். வேர் முண்டுகளிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணிற் சேர்க்கும். இலை விரைவில் மக்கும். இத்தனை நற்குணங்களையும் ஒரு சிறு குளவி பயனற்றதாக்கிவிட்டது. 2004இல் அறிவியல் உலகுக்குப் புதிதாக விவரிக்கப்பட்ட அப்பூச்சி, ஓரிரு ஆண்டுகளில் கேரளத்துக்கும் வந்து, இலையிலும் தண்டிலும் முண்டுகளை உண்டாக்கி முருக்கு மரங்களைப் பெருமளவில் அழித்தது. அம்மரத்தை ஏறியிருந்த மிளகும் உடன் சாய்ந்தது. தோட்டம் முழுவதற்கும் ஒரே இன மரத்தை நம்பியதன் விலை அது. இதே தவறு இன்று வேறொரு மரத்தைக் கொண்டு மீண்டும் நடந்து வருகிறது.

அம்மரம் சில்வர் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களின் வழியாக நம் மலைகளுக்கு வந்தது. நேராக உயரும், மிளகு ஏறுவதற்கு நல்லது, சில ஆண்டுகளிலேயே தடி விற்கலாம். ஆயினும் அதன் முடி குறுகியது. பிளவுபட்ட இலைகள் தரும் நிழலோ மெல்லியது. உதிர்ந்த இலை எளிதில் மக்குவதில்லை. தேயிலைக்கு இது போதுமானது. காட்டின் அடியில் பிறந்த ஏலத்துக்குப் போதாது. பழைய காட்டு மரம் விழுந்த இடத்திலெல்லாம் சில்வர் ஓக்கை நட்டு வரும் தோட்டம், பார்வைக்கு மரங்கள் நிறைந்ததாகவே தோன்றும். மார்ச் மாதத்து ஏல இலையின் நிறம் உண்மையைச் சொல்லிவிடும்.

எல்லைச் சரிவுகளின் நிலை

இதுவரை கூறியவை உடும்பஞ்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் முதலிய ஏல மலைகளுக்குப் பொதுவானவை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் நிலைமை இன்னும் கடுமையானது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கில் பெய்து தீர்ந்து கிழக்கே செல்லச் செல்லக் குறைகிறது. இராமக்கல்மேட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதே அங்கு வீசும் காற்றின் வேகத்துக்குச் சான்று. இங்கே நிழல் மரத்தைவிடக் காற்றுத் தடுப்புக்கே முதலிடம் தர வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிய விளிம்பில் என்றும் இலையுள்ள மரங்களை இரண்டு வரிசைகளாக நெருக்கி நட்டு, அவை எழுந்த பின்னரே உள்ளே ஏலத்தை விரிவாக்குவது முறை. காற்று தடுக்கப்படாத இடத்தில் தலைக்கு மேலே எத்தனை நிழல் இருந்தாலும் இலை கிழிந்து வெளிறும்.

பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி மலை, இடுக்கியிலிருந்து ஆனைமலைத் தொடரால் பிரிக்கப்பட்டு வடக்கே தனித்து நிற்கிறது. நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து மேலேறினால் காப்பி, தேயிலை, ஏலம் ஆகிய மூன்றையும் அங்குக் காணலாம். இம்மலையின் வடக்குச் சரிவு பாலக்காட்டுக் கணவாயை நோக்கியிருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வாயிலின் வழியே கோயம்புத்தூர்ச் சமவெளியின் வறண்ட காற்று குளிர்காலத்திலிருந்தே புகுந்து வீசும். ஆகவே அங்கு வடக்கு நோக்கிய சரிவுகளைக் காப்பிக்கு விட்டு, ஏலத்தை ஓடைகளை ஒட்டிய தாழ்வான மடிப்புகளில் வைப்பதே பொருத்தமானது. இடுக்கியில் வெற்றி பெற்ற முறையை அப்படியே நெல்லியாம்பதிக்கு எடுத்துச் செல்லலாகாது.

உலகில் இன்று ஏலக்காயை மிகுதியாக விளைவிக்கும் கவுதமாலா நாட்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அந்நாட்டுக்கு ஏலம் சென்றது 20ஆம் நூற்றாண்டில்தான். அங்குள்ள மலைகளில் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதாலும் மேகமூட்டம் நீடிப்பதாலும் குறைந்த நிழலிலேயே பயிர் நிற்கிறது. அந்நாட்டுத் தோட்டத்தின் படத்தைக் காட்டி நிழல் தேவையில்லை என்று வாதிப்போருக்கு, நான்கைந்து மாதம் மழையற்ற நம் கோடையை நினைவூட்டுவது களப் பணியாளரின் கடமை.

நிழலை அளத்தல்

ஞள்ளானி போன்ற இனங்களுக்கும் பகலொளியில் ஏறத்தாழப் பாதி தடுக்கப்படுதல் நன்று. பாதி என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஆளுக்கு ஆள் மாறுபடும். இதற்கு விலையற்ற கருவியொன்றைப் பள்ளிகளிலேயே செய்துகொள்ளலாம். ஒரு மீட்டர் சதுரமான வெள்ளைத் துணியில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டால் 100 கட்டங்கள் கிடைக்கும். மேகமற்ற நாளில் நண்பகலில் செடிகளுக்கிடையே துணியை விரித்து, வெயில் விழும் கட்டங்களை எண்ண வேண்டும். பாதி வெயிலும் பாதி நிழலுமாக உள்ள கட்டங்களை இரண்டுக்கு ஒன்றாகக் கணக்கிடலாம். ஒரு தோட்டத்தில் பத்து இடங்களிலாவது எண்ணிச் சராசரி காண்பது அவசியம். மார்ச்சில் ஒருமுறையும் மழைக்காலத்தின் இடையே வெயில் தென்படும் ஒரு நாளில் மறுமுறையும் எண்ணி எழுதி வைத்தால், மரங்களின் நாட்காட்டி எண்களாகவே கண்முன் நிற்கும்.

ஆசிரியர்கள் இத்துடன் மற்றொரு சோதனையையும் செய்து காட்டலாம். பலாவின் அடியிலுள்ள செடியிலிருந்தும் திறந்த வெயிலில் நிற்கும் செடியிலிருந்தும் ஒரே அளவான இலைத் துண்டுகளை எடுத்து, நறுக்கி, தனித்தனிக் குழாய்களில் ஸ்பிரிட் ஊற்றி, முன்பே காய்ச்சி அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் நிறுத்தி வைத்தால் பச்சையம் கரைந்து இறங்கும். இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளின் முன் பிடித்து ஒப்பிட்டால் வேற்றுமை மாணவர்களுக்கு நன்கு விளங்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் ஆதலால் அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. ஏலத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பயிலும் மலைப்பள்ளிகளில் இதைவிடப் பொருத்தமான தாவரவியல் பாடம் இருக்க முடியாது.

1956இல் பாம்பாடும்பாறையிலும் 1978இல் மயிலாடும்பாறையிலும் தொடங்கப்பட்ட ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்கள் இரண்டும் இம்மலைகளுக்குள்ளேயே உள்ளன. ஐயத்துக்குரிய இலையை அங்கே எடுத்துச் சென்று காட்டுவது, கடையில் மருந்து கேட்பதைவிடச் சிக்கனமானது.

2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத் தோட்டங்கள் கடும் வெப்பத்தாலும் வறட்சியாலும் பெருஞ்சேதம் அடைந்தன. ஓடைகளும் குளங்களும் வற்றியமையால் நீர் தெளிப்பதும் நின்றது. மரமில்லாத இடங்களில் விவசாயிகள் பெரும் பொருள் செலவிட்டுப் பச்சை நிழல்வலைகளைக் கட்டினர். வலை வெயிலைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இலையுதிர்த்து மண்ணை மூடாது. சில ஆண்டுகளில் நைந்து போகும். மழைக்காலத்துக்கு முன் கழற்றாவிடில் அழுகலுக்கு இடந்தரும். இளஞ்செடிகளைக் காக்கும் இடைக்கால ஏற்பாடாக மட்டுமே அதனைக் கொள்ளலாம்.

வலை கட்டிய ஒவ்வோரிடத்திலும் அதே ஆண்டு மரக்கன்றும் நடப்பட்டிருந்தால் அச்செலவுக்குப் பொருளுண்டு. கன்று நடுவதற்கு ஜூன், ஜூலை மாதங்கள் உகந்தவை. பலாவை விதையிட்டு அங்கேயே வளர்த்தால் ஆணிவேர் மடங்காமல் இறங்கும். ஏலத் தூர்களுக்கிடையே மூன்று மீட்டர் இடைவெளி விடப்பட்டுள்ள தோட்டங்களில், நான்கு தூர்களின் நடுவிலுள்ள வெற்றிடமே கன்றுக்கு உரிய இடம். ஒரே இனமாக நடாமல், பலாவும் சந்தன வேம்பும் அவ்விடத்துக் காட்டில் தாமே முளைத்த நாற்றுகளும் கலந்திருக்கட்டும். களை எடுக்கும்போது புல்லுடன் சேர்த்து அறுக்கப்பட்டுவிடும் காட்டுமர நாற்றுகளுக்கு, அருகில் ஒரு குச்சியை ஊன்றி அடையாளம் வைக்கும்படி தொழிலாளரிடம் சொன்னால் போதும். முதல் மூன்று கோடைகளில் கன்றின் அடியில் உலர்ந்த இலையைப் பரப்பி, காற்று வீசும் கிழக்குப் பக்கத்தில் ஓலை மறைப்பு வைத்துக் காத்துவர வேண்டும். ஏலச் செடியைவிட உயரமாக எழுந்து கிளைவிரிக்கும் வரை அம்மரத்தின்மீது கவாத்துக் கத்தி படலாகாது.